மைக்கை எடுத்தால் பேச்சு வராது: கடலில் மேடே அழைப்பு விடுவது எப்படி

கடலில் ரேடியோவில் உதவி கேட்பது என்ன பெரிய விஷயம், பட்டனை அழுத்திக் கத்த வேண்டியதுதானே என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பயிற்சி வகுப்பில், ஆடாத மேசையில், அலையே வெளியே போகாத ஒரு பயிற்சி ரேடியோ முன்னால் உட்காரவைத்து, "படகுக்குள் தண்ணீர் ஏறுகிறது, கூப்பிடுங்கள்" என்றார் பயிற்றுநர். மேடே என்ற ஆபத்துச் சொல்லைச் சொன்னேன், படகின் பேரைச் சொன்னேன், தண்ணீர் எப்படி ஏறுகிறது, பம்ப் எப்படி வேலை செய்யவில்லை என்று ஒரு நிமிடம் உருக்கமாகப் பேசினேன். முடித்துவிட்டு நிமிர்ந்தால் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "எல்லாம் சரி, எங்கே இருக்கீங்க?"

இடத்தைச் சொல்லவே இல்லை. காய்ந்த தரையில், நாற்காலியில் உட்கார்ந்து பேசும்போதே இந்தக் கதி என்றால், முழங்கால் தண்ணீரில் நின்று பேசும்போது என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அதனால் இந்தக் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது இதுதான்: ஆபத்து அழைப்பு என்பது பேசுவதல்ல, படிப்பது. கரையில் நிதானமாக எழுதிவைத்த அட்டையை, கடலில் நிதானமில்லாமல் படிப்பது.

எந்த ரேடியோ, எந்தச் சேனல்

கரையை ஒட்டிப் போகும் சிறு படகுகளில் இருப்பது பெரும்பாலும் விஎச்எஃப் ரேடியோ. அதில் ஆபத்துக்கும் அழைப்புக்கும் உலகம் முழுக்க ஒரே சேனல், 16. அலைவரிசை 156.8 மெகாஹெர்ட்ஸ். இன்னொன்று சேனல் 70. அதில் யாரும் வாயால் பேசக்கூடாது, அது டிஎஸ்சி என்ற டிஜிட்டல் அழைப்புக்கு மட்டும் ஒதுக்கப்பட்டது. இந்த இரண்டு எண்களும் ஞாபகம் இருந்தால் இப்போதைக்குப் போதும்.

விஎச்எஃப் அலை கிட்டத்தட்ட கண் பார்வை மாதிரி நேர்கோட்டில் போகும், அடிவானத்துக்கு அந்தப் பக்கம் வளைந்து பெரிதாகப் போகாது. ஆகவே எவ்வளவு தூரம் கேட்கும் என்பதை வாட்ஸ் கணக்கைவிட ஆன்டெனாவின் உயரம்தான் முடிவு செய்கிறது. படகில் பொருத்திய ரேடியோ 25 வாட்ஸ், கையில் பிடிக்கும் ரேடியோ 5 அல்லது 6 வாட்ஸ். மேட்டில் உயரமான கோபுரம் வைத்திருக்கும் கரை நிலையத்துக்குப் படகு ரேடியோ இருபது, முப்பது கடல் மைல்கூட எட்டும். தண்ணீர் மட்டத்தில் இருக்கும் இரண்டு சிறு படகுகள் கைரேடியோவில் பேசிக்கொண்டால் நாலைந்து கடல் மைலோடு சரி.

செல்போன் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் போனில் ஒருவரைத்தான் கூப்பிட முடியும். ரேடியோவில் கூப்பிட்டால் கரை நிலையத்துக்கும், சுற்றி இருக்கிற அத்தனை படகுக்கும் கப்பலுக்கும் ஒரே நேரத்தில் கேட்கும், அரை மைல் தள்ளி இருக்கும் மீன்பிடிப் படகு உங்களிடம் வந்து சேர்ந்த பிறகுதான் மீட்புக் கப்பல் துறைமுகத்தையே விட்டுக் கிளம்பும். போதாததற்கு, நீங்கள் பேசும் அலை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்தே உங்களை நோக்கி வரும் கருவிகளும் மீட்புக்காரர்களிடம் உண்டு.

மேடேயா, பான்-பானா

இந்த இடத்தில்தான் புதியவர்கள் ரொம்பத் தயங்குவார்கள். படகுக்கோ ஆளுக்கோ உயிராபத்து இப்போதே இருக்கிறது, உடனடியாக உதவி வேண்டும் என்றால் மேடே. தீ, மூழ்குதல், ஆள் கடலில் விழுந்து கைக்கு எட்டாமல் போவது, எஞ்சின் நின்றுபோய்ப் பாறையை நோக்கி அடித்துச் செல்லப்படுவது, எல்லாம் மேடே. அதே எஞ்சின் நின்றுபோய், ஆனால் கடல் அமைதி, பக்கத்தில் பாறை இல்லை, நங்கூரம் பிடித்திருக்கிறது என்றால் அது பான்-பான்: அவசரம்தான், ஆனால் உயிர் இப்போதே போகிற நிலை இல்லை. மூன்றாவதாக செக்யூரிதே என்று ஒன்று உண்டு. மிதக்கும் மரக்கட்டை, புயல் எச்சரிக்கை மாதிரியானவற்றைச் சொல்வதற்கு. அதைப் பெரும்பாலும் நீங்கள் கேட்பீர்கள், சொல்ல மாட்டீர்கள்.

ஒரு சின்னப் பக்கக்கதை. மேடே என்ற சொல்லை 1920-களின் தொடக்கத்தில் லண்டன் குரோய்டன் விமான நிலையத்தின் ரேடியோ அதிகாரி பிரெடரிக் ஸ்டான்லி மாக்ஃபோர்ட் முன்வைத்தார். அங்கிருந்து பாரிஸுக்கு நிறைய விமானங்கள் போய்வந்ததால், "எனக்கு உதவுங்கள்" என்ற பொருள் தரும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலியையே எடுத்துக்கொண்டார்கள். எஸ்ஓஎஸ் தந்திக்குச் சரி, வாயால் சொன்னால் 'எஸ்' சரியாகப் பிரிந்து கேட்காது. இரைச்சலிலும் பிரிந்து கேட்கிற சொல் என்பதால்தான் மேடே. நீங்களும் அதை இழுத்து, தெளிவாக, மூன்று முறை சொல்ல வேண்டும்.

எது என்று முடிவு செய்ய முடியவில்லையா? வெட்கப்பட்டுக்கொண்டு சும்மா இருக்காதீர்கள். சந்தேகம் வந்தவுடனே பான்-பான் சொல்லிவிடுங்கள், நிலைமை மோசமானால் மேடேயாக மாற்றிக்கொள்ளலாம். என் அனுபவத்தில் ஆட்கள் சீக்கிரம் கூப்பிட்டு மாட்டிக்கொள்வதில்லை, தாமதமாகக் கூப்பிட்டுத்தான் மாட்டிக்கொள்கிறார்கள். தாமதிக்கக்கூடாது என்பதற்கு இன்னொரு நடைமுறைக் காரணமும் உண்டு: ரேடியோவுக்கு மின்சாரம் தரும் பேட்டரி பெரும்பாலும் படகின் அடியில்தான் இருக்கும். உள்ளே ஏறும் தண்ணீர் பேட்டரியைத் தொட்டுவிட்டால் 25 வாட்ஸ் ரேடியோ வெறும் பெட்டி. முதலில் அழைப்பு, பிறகு வாளி. ஆள் இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில்.

அட்டை

கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. ஒரு கெட்டி அட்டை, அழியாத மை, மேலே லேமினேஷன். ரேடியோவுக்குப் பக்கத்தில், மைக்கைப் பிடித்தபடியே கண் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள். இழுப்பறைக்குள் வைத்த அட்டை இல்லாத அட்டைக்குச் சமம். படகில் உள்ள கடைசி ஆளும், கடலுக்கு முதல் முறை வந்த விருந்தாளியும், அதை எடுத்துப் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும், ஏனென்றால் கடலில் விழுந்த ஆள் நீங்களாகவே இருக்கலாம். உரிமம் இல்லாதவர் ரேடியோவைத் தொடலாமா என்று அவர்கள் தயங்குவார்கள். ஆபத்தில் இருக்கும்போது கையில் கிடைத்த எதைக் கொண்டும் உதவி கேட்கலாம் என்று சர்வதேச ரேடியோ விதிகளே சொல்கின்றன. அதைக் கிளம்பும் முன்பே அவர்களிடம் சொல்லிவையுங்கள்.

அட்டையில் எழுத வேண்டியதை ஒரு மாதிரியோடு காட்டுகிறேன். படகின் பெயர் 'ஆலா' என்று வைத்துக்கொள்வோம். எம்எம்எஸ்ஐ என்பது உங்கள் ரேடியோவுக்குத் தரப்படும் ஒன்பது இலக்க எண், இங்கே 123456789 என்று சும்மா போட்டிருக்கிறேன். கடலில் பொதுமொழி ஆங்கிலம் என்பதால் சொற்கள் ஆங்கிலம்தான், ஆனால் வாய்க்கு வரும் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள், யாரும் கையெழுத்துக்கு மார்க் போடப்போவதில்லை.

மேடே, மேடே, மேடே.
திஸ் இஸ் ஆலா, ஆலா, ஆலா. எம்எம்எஸ்ஐ ஒன் டூ த்ரீ ஃபோர் ஃபைவ் சிக்ஸ் செவன் எய்ட் நைனர்.
மேடே ஆலா. எம்எம்எஸ்ஐ ஒன் டூ த்ரீ ஃபோர் ஃபைவ் சிக்ஸ் செவன் எய்ட் நைனர்.
மை பொசிஷன் இஸ் ________.
ஐ ஆம் ________.
ஐ ரிக்வயர் இம்மீடியட் அசிஸ்டன்ஸ்.
____ பெர்சன்ஸ் ஆன் போர்டு.
வைட் ஃபைபர்கிளாஸ் போட், எய்ட் மீட்டர்ஸ். ஆல் வேரிங் லைஃப் ஜாக்கெட்ஸ்.
ஓவர்.

மூன்றே மூன்று காலியிடம். இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். மற்றதெல்லாம் கரையிலேயே எழுதி முடித்துவிடலாம். பெயரும் எண்ணும் ஏன் இரண்டு தடவை என்று கேட்காதவர் இல்லை. முதல் பகுதி கூப்பிடுவது, இரண்டாவது பகுதி செய்தி. முதல் "மேடே" காதில் விழுந்ததும் பேனாவைத் தேடி ஓடியவர், இரண்டாவது தடவை பெயர் வரும்போதுதான் எழுத ஆரம்பித்திருப்பார்.

படகின் பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொன்னால் என்ன செய்வது? ஆலா என்பதை ஆங்கில எழுத்தில் 'ஆல்ஃபா, லீமா, ஆல்ஃபா' என்று உச்சரிப்பு எழுத்துகளில் சொல்ல வேண்டும். முழு அட்டவணையை மனப்பாடம் செய்தால் நல்லது, முடியாவிட்டால் உங்கள் படகுப் பெயருக்கு உரியதை மட்டுமாவது அட்டையின் ஓரத்தில் எழுதிவிடுங்கள். ஆலா மாதிரி குட்டிப் பெயர்கள் இரைச்சலில் 'அல்லா', 'ஹலோ' என்றெல்லாம் கேட்கும், இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அதே பயிற்சி வகுப்புதான்.

இடத்தைச் சொல்வது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அழைப்பு பாதியில் அறுந்துபோனாலும், இடம் போய்ச் சேர்ந்திருந்தால் யாராவது வருவார்கள். மற்ற எல்லாம் போய்ச் சேர்ந்து இடம் மட்டும் போகவில்லை என்றால், கடல் முழுக்கத் தேட வேண்டும்.

ஜிபிஎஸ் இருந்தால் திரையில் உள்ளதை இலக்கம் இலக்கமாகப் படியுங்கள். 36 டிகிரி 14.2 நிமிடம் வடக்கு என்றால் "த்ரீ சிக்ஸ் டிகிரிஸ், ஒன் ஃபோர் டெசிமல் டூ மினிட்ஸ் நார்த்". முப்பத்தாறு, பதினான்கு என்று சேர்த்துச் சொல்ல வேண்டாம், இரைச்சலில் தேர்ட்டியும் தேர்ட்டீனும் ஒன்றுதான். அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர். ஒரு டிகிரி தப்பினால் அறுபது கடல் மைல் தப்பிவிடும். சில கருவிகள் நிமிடத்துக்குப் பிறகு புள்ளி வைத்துத் தசமமாகக் காட்டும், சில வினாடியாகக் காட்டும். 14.30 நிமிடமும், 14 நிமிடம் 30 வினாடியும் ஒன்றல்ல, நடுவே முந்நூற்றி எழுபது மீட்டர் வித்தியாசம். இரவில், அலையில், தண்ணீரில் மிதக்கும் ஒரு தலையைத் தேடுபவருக்கு அது சின்னத் தூரம் இல்லை. உங்கள் கருவி எப்படிக் காட்டுகிறது என்று இன்றைக்கே பார்த்து அட்டையில் குறித்துவிடுங்கள்.

ஜிபிஎஸ் இல்லையென்றால் எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாளத்திலிருந்து திசையும் தூரமும். கலங்கரை விளக்கம், முனை, துறைமுக வாயில் எதுவானாலும் சரி. திசையை எப்போதும் அந்த அடையாளத்தில் நின்று உங்களைப் பார்க்கிற மாதிரி சொல்ல வேண்டும், நீங்கள் அதைப் பார்க்கிற மாதிரி அல்ல. படகிலிருந்து திசைகாட்டியில் பார்த்தால் விளக்கம் 315 டிகிரியில் தெரிகிறது என்றால், சொல்ல வேண்டியது அதற்கு நேர் எதிரான 135. மாற்றிச் சொன்னால் விளக்கத்துக்கு அந்தப் பக்கம், பல சமயம் தரைமேலே, உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

சிவப்பு பட்டன்

சரி, இப்போது நிஜமாகவே ஆபத்து. முதலில் எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட். அப்புறம் ரேடியோ.

டிஎஸ்சி உள்ள ரேடியோவில் ஒரு சின்ன மூடிக்குள் சிவப்பு பட்டன் இருக்கும். மூடியைத் தூக்கி, பட்டனை அழுத்தி, விடாமல் ஐந்து வினாடி பிடியுங்கள். திரையில் எண்கள் குறைந்துகொண்டே வரும், 'பீப்' சத்தம் மாறும். நேரம் இருந்தால் அதற்கு முன் மெனுவில் ஆபத்தின் வகையைத் தேர்ந்தெடுக்கலாம் (தீ, மூழ்குதல், மோதல், தரைதட்டல், ஆள் கடலில் என்று பட்டியல் வரும்). நேரம் இல்லாவிட்டால் அதைத் தேட வேண்டாம், அழுத்துங்கள். அழுத்தியதும் உங்கள் எம்எம்எஸ்ஐ எண், இடம், நேரம் எல்லாம் சேனல் 70-இல் டிஜிட்டலாகப் போய், எட்டும் தூரத்தில் உள்ள ரேடியோக்களில் அலாரம் அடிக்கும். பதில் வரும்வரை ஏறக்குறைய நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை அதுவே திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும்.

இதில் இரண்டு பொறிகள் உண்டு. ரேடியோவுக்கு ஜிபிஎஸ் இணைப்பு இல்லை என்றால் பட்டன் அழுத்தினாலும் இடம் போகாது. எம்எம்எஸ்ஐ எண் உள்ளே பதிவு செய்யப்படாவிட்டால் பட்டன் வேலையே செய்யாது. புது ரேடியோவைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பொருத்திவிட்டு, சிவப்பு பட்டன் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறைய. கரையிலேயே சரிபாருங்கள். எண்ணைப் பதியும்போது கவனம், பல ரேடியோக்களில் ஒன்றிரண்டு முறைதான் பதிய விடும், தப்பாகப் போட்டால் விற்றவரிடம்தான் போக வேண்டும்.

பட்டனோடு வேலை முடிந்துவிடவில்லை. எல்லாப் படகிலும் டிஎஸ்சி இருக்காது. அதனால் பட்டன் அழுத்திச் சில வினாடிகள் பார்த்துவிட்டு, பதில் வந்தாலும் வராவிட்டாலும், வாயாலும் கூப்பிட வேண்டும்.

வாயால் கூப்பிடுவது

சேனல் 16, சக்தி 25 வாட்ஸ். 1 வாட்டில் இருந்தால் திரையில் 'லோ' என்று காட்டும், உயர்த்துங்கள். மைக்கை வாயிலிருந்து நாலு விரல் தள்ளிப் பிடித்து, பக்கத்து பட்டனை அழுத்தி, ஒரு மூச்சு விட்டு, பிறகு படியுங்கள். அழுத்தியவுடனே ஆரம்பித்தால் முதல் எழுத்து விழுங்கப்பட்டு, மேடே "டே" ஆகிவிடும். கத்தாதீர்கள், கத்தினால் குரல் உடைந்து கரகரப்புதான் போகும். எழுதிக்கொள்பவருக்குக் கை ஓடும் வேகத்தில் சொல்லுங்கள்.

"ஓவர்" சொன்னதும் பட்டனை விடுங்கள். இது அற்பமாகத் தெரியும், ஆனால் பயத்தில் விரல் இறுகிப்போய்ப் பட்டனைப் பிடித்துக்கொண்டே பதிலுக்குக் காத்திருப்பவர்கள் உண்டு. பட்டன் அழுந்தியிருக்கும்வரை உங்களுக்கு எதுவும் கேட்காது, அது மட்டுமில்லை, மற்றவர்களுக்கும் அந்தச் சேனல் அடைபட்டுவிடும். "ஓவர்" என்றால் பதில் சொல்லுங்கள் என்று பொருள், "அவுட்" என்றால் பேச்சு முடிந்தது. இரண்டையும் சேர்த்துச் சொல்வது சினிமாவில் மட்டும்.

ஆங்கிலம் வரவில்லையென்றால் மேடே மூன்று முறை, படகின் பெயர், இடத்தின் எண்கள். மற்றதை உங்கள் மொழியிலேயே சொல்லுங்கள், புரிந்தவர் ஒருவராவது கேட்டுக்கொண்டிருப்பார்.

பதில் வரும்போது உங்கள் படகின் பெயரையும் "ரிசீவ்ட் மேடே" என்பதையும் கேட்பீர்கள். அதன்பின் கேள்விகள் வரும்: காயம் உண்டா, தண்ணீர் எவ்வளவு, மிதவைப் படகு இருக்கிறதா. கேட்டதற்கு மட்டும் பதில். அவர்கள் சொல்லாமல் சேனலை மாற்றாதீர்கள். "சீலான்ஸ் மேடே" என்று காதில் விழுந்தால் பயப்பட வேண்டாம், அது மற்றவர்களை வாய் மூடச் சொல்வது. முடிந்தால் ஒருவர் ரேடியோவை விட்டு நகராமல் இருக்கட்டும்.

பதிலே இல்லை

ஒலியளவு குறைந்திருக்கிறதா, ஸ்குவெல்ச் (இரைச்சலை அடக்கும் குமிழ்) அதிகமாக முறுக்கப்பட்டிருக்கிறதா, சேனல் 16-தானா, ஆன்டெனா வயர் பின்னால் கழன்றிருக்கிறதா என்று ஒரு பார்வை. பிறகு மறுபடி முழு அழைப்பு. உங்களுக்குப் பதில் கேட்கவில்லை என்பதால் உங்கள் குரல் யாருக்கும் கேட்கவில்லை என்று ஆகாது, உயரமான ஆன்டெனா உள்ளவருக்கு நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கலாம். கைரேடியோ என்றால் படகில் பாதுகாப்பாக எட்டக்கூடிய உயரத்தில், ஆன்டெனாவைச் செங்குத்தாகப் பிடியுங்கள். சாய்த்துப் படுக்கவைத்துப் பேசினால் அலை பாதி வீணாகும். 406 மெகாஹெர்ட்ஸ் இபெர்ப் (தானாக ஆபத்துச் சமிக்ஞை அனுப்பும் கருவி) இருந்தால் இதற்கு முன்பே அதை இயக்கியிருக்க வேண்டும், அது செயற்கைக்கோள் வழியாகப் போவது, விஎச்எஃப் எட்டாத இடத்திலும் கைகொடுக்கும்.

வேறொருவரின் மேடே காதில் விழுந்தால்

பேசாதீர்கள், எழுதுங்கள். நேரம், பெயர், இடம். கரை நிலையம் பதில் தருகிறதா என்று கொஞ்சம் காத்திருங்கள், குறுக்கே புகுந்தால் அந்தப் பதிலையே நீங்கள் அமுக்கிவிடக்கூடும். யாருமே பதில் தரவில்லை என்றால் நீங்கள் "ரிசீவ்ட் மேடே" சொல்லிவிட்டு, "மேடே ரிலே" மூன்று முறை சொல்லி, உங்கள் பெயரைச் சொல்லி, எழுதிவைத்ததை அப்படியே கரைக்குக் கடத்துங்கள். தன் படகுக்கு ஆபத்தில்லாமல் உதவ முடிந்தால் உதவ வேண்டும் என்பது கடல் சட்டத்திலேயே உள்ள கடமை.

தவறிப்போய் பட்டனை அழுத்திவிட்டால்

குழந்தை விளையாடியது, துடைக்கும்போது பட்டது, எப்படியோ அலாரம் போய்விட்டது. பயந்துபோய் ரேடியோவை அணைத்துவிட்டுப் பேசாமல் இருப்பதுதான் செய்யவே கூடாதது, ஏனென்றால் அந்நேரம் யாரோ உங்களைத் தேடக் கிளம்பியிருப்பார்கள். திரும்பத் திரும்பப் போகாமல் இருக்க அழைப்பை நிறுத்துங்கள். பல ரேடியோக்களில் மெனுவிலேயே ரத்து செய்யும் வழி இருக்கும், இல்லாவிட்டால் அணைத்து மறுபடி போடலாம். உடனே சேனல் 16-க்கு வந்து: "ஆல் ஸ்டேஷன்ஸ்" மூன்று முறை, "திஸ் இஸ் ஆலா" என்று பெயர் மூன்று முறை, எம்எம்எஸ்ஐ, "ப்ளீஸ் கேன்சல் மை டிஸ்ட்ரஸ் அலர்ட் ஆஃப்" என்று சொல்லி, அழுத்திய நேரத்தை யூடிசி, அதாவது உலகப் பொது நேரக் கணக்கில் சொல்லி முடியுங்கள். உள்ளூர் நேரத்துக்கும் யூடிசிக்கும் எத்தனை மணி வித்தியாசம் என்பதையும் அட்டையின் மூலையில் எழுதிவைத்திருந்தால் அந்நேரத்தில் விரல்விட்டு எண்ண வேண்டியிருக்காது. கரை நிலையம் பதில் சொல்லும்வரை 16-இலேயே இருங்கள்.